ஒரே ஒரு பாட்டு, நாற்பது நாள்

கேட்டிருப்பவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து பெல்லந்தூரில் தங்கியிருக்கும் ஒரு தங்கை. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "ஊரில் இருந்தவரை தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைக்குத் தவறாமல் போவேன். இங்கே ஆபீஸ் கேபில் போக வரவே மூன்று மணி நேரம் ஆகிறது. அறைக்கு வந்தால் ஜெபிக்க மனம் ஒட்டுவதில்லை. பாட்டுக் கேட்டால் மனம் அடங்கும் என்று தோன்றுகிறது. என்ன பாட்டுகள் கேட்கலாம்? ஒரு பட்டியல் தருவீர்களா? எனக்குப் பாட வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

பட்டியல் தருவது எனக்கு எளிது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தமிழ்ப் பாடற்குழுக்களில் ஹார்மோனியம் வாசித்திருக்கிறேன். தவக்காலப் பாட்டு மட்டுமே ஒரு நோட்டு நிறைய எழுதித் தரலாம். ஆனால் நீங்கள் தேடுவது அமைதி. கையில் ஐம்பது பாட்டு இருந்தால், ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்ன என்றுதான் விரல் போகும். அதனால் நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தின் நாற்பது நாளும் அதோடேயே இருங்கள்.

இது என் சொந்த யோசனை இல்லை. தவக்காலத்தில் திருச்சபையே தன் பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோவில்களில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து அல்லேலூயா பாடுவதில்லை; நற்செய்திக்கு முன்னால் வேறொரு வாழ்த்தொலி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் 'உன்னதங்களிலே' என்ற மகிமைப் பாட்டு கிடையாது. பீடத்தில் பூ வைப்பதில்லை. ஆர்கனும் மற்ற வாத்தியங்களும் பாடுகிறவர்களின் குரலைத் தாங்கிப் பிடிப்பதற்கு மட்டும். தனியாக வாசிக்கக் கூடாது. பூவுக்கும் வாத்தியத்துக்கும் நான்காம் ஞாயிறும் இடையில் வரும் பெருவிழாக்கள், விழாக்களும்தான் விதிவிலக்கு. நிறையப் பேர் இதைத் துக்க அடையாளமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அது காதுக்கு வைத்த நோன்பு.

இதை நான் உணர்ந்தது தாமதமாகத்தான். நாங்கள் பாடிக்கொண்டிருந்த ஒரு கோவிலில் சிலுவைப் பாதைக்குக்கூட கீபோர்டு, ரிதம் பேட், எக்கோ வைத்த மைக் என்று எல்லாம் இருந்தன. புதிதாக வந்த சாமியார் அந்த வருஷம் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார். எங்களுக்கு வருத்தம். முதல் வெள்ளிக்கிழமை சுருதிக்கு ஹார்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்திக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் கேட்டது: இயேசுவின் பாடுகளை நினைத்து நிற்கும் ஒவ்வொரு நிலையிலும் முந்நூறு பேர் சேர்ந்து முழங்காலிடும் சத்தம், எழுந்திருக்கும் சத்தம். வயசானவர்கள் பெஞ்சைப் பிடித்து எழும்போது வரும் பெருமூச்சு. சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுப்பது. இத்தனை வருஷமாக அதன்மேல் நான் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சரி, எந்தப் பாட்டு?

எங்கள் அப்பா வீடு ஆர்.சி., கோலார் தங்கவயல் குடும்பம். அம்மா வீடு சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத். காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டில் 'தவக்காலம்' என்பதும் புழங்கும், 'லெந்து நாட்கள்' என்பதும் புழங்கும். லெந்து வந்துவிட்டால் அம்மா காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று ஒரு ஞானப்பாட்டில் ஒரு சரணம் பாடுவார். ஒன்றே ஒன்று. அடுத்த வாரம்தான் அடுத்த சரணம். பாட்டு முடிந்தும் பால் பொங்கியிருக்காது. அது பொங்குகிற வரைக்கும் பேசாமல் நிற்பார். நாங்கள் எழுந்து வந்தாலும் கை காட்டி உட்காரச் சொல்லுவார். பால் மேலே ஏறி வரும்போது அடுப்பை அணைப்பார், அவ்வளவுதான், நாள் தொடங்கிவிடும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

அந்தப் பாட்டு 'இரத்தம் காயம் குத்தும்'. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் மெட்டு ரத்தத்தில் ஊறியிருக்கும். அது வந்த வழி நீளமானது. 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் ஒரு காதல் பாட்டுக்காகப் போட்ட மெட்டு அது. ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவன் பாடுகிற பாட்டு. பின்னால் அது கோவிலுக்குள் வந்தது. 1656இல் பவுல் கெர்ஹார்ட், இடைக்கால லத்தீன் கவிதை ஒன்றைத் தழுவி, முள்முடி சூட்டப்பட்ட தலையைப் பார்த்துப் பேசுவதாக எழுதிய ஜெர்மன் பாட்டு இந்த மெட்டில் நிலைத்தது. ஜெர்மன் இசைமேதை பாக் தன்னுடைய 'மத்தேயு பாடுகள்' இசைப் படைப்பில் இதே மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார், பெரும்பாலும் வேறு வேறு சுரச் சேர்க்கையோடு. நம் பக்கத்தில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் ஊர்ப் பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். அவற்றைத் தமிழில் பெயர்த்து, மெட்டை மாற்றாமல் பாடத் தொடங்கியதில்தான் ஞானப்பாட்டுகள் உருவாயின.

தமிழில் அது 'சிரசே' என்று விளிக்கிறது. கவனித்தால் ஒரு விஷயம் தெரியும்: பாடுகிறவர் தன் பாவத்தைப் பற்றி உடனே பேச ஆரம்பிப்பதில்லை. முதலில் ஒரு முகத்தைப் பார்க்கிறார். ரத்தம், காயம், முள். பார்த்துக்கொண்டே நிற்கிறார். அம்மா பால் பாத்திரத்துக்கு முன்னால் நின்றதும் அப்படித்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் இதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊர்க் கோவிலில் சிலுவைப் பாதைக்குப் பாடுவது எதுவோ அதையே எடுக்கலாம். சின்ன வயசிலேயே மனப்பாடமானது சிறந்தது. புத்தகம் வேண்டாம், போன் வேண்டாம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனைகளும் இருக்கின்றன. பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். முகாரியோ புன்னாகவராளியோ போட்டிருந்தால் அதை ஒருமுறையாவது தாளம் இல்லாமல், இழுத்து, சுருதிப்பெட்டி மட்டும் வைத்துப் பாடிப் பாருங்கள். தாளக்கட்டு போனதும் சொல் வெளியே வரும்.

பாட்டே வேண்டாம், வசனம் போதும் என்றால் 51ஆம் திருப்பாடல். சி.எஸ்.ஐ. வீட்டில் அதை 51ஆம் சங்கீதம் என்போம். தவத்துக்குரிய திருப்பாடல்கள் என்று சபை காலங்காலமாக எண்ணிவரும் ஏழில் (6, 32, 38, 51, 102, 130, 143) நடுவில் நிற்பது அது. ஆர்.சி., சி.எஸ்.ஐ. வீடுகளில் புழங்கும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் முதல் வசனத்தில் 'எனக்கு இரங்கும்' என்று வரும். அந்த ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் அதைக் கருணைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் 'இரங்கல்' என்றால் அழுகையும்தான். நெய்தல் திணைக்கு, கடற்கரைக்கு, உரிப்பொருளே இரங்கல். அதோடு, 'இரங்கு முரசு' என்று சங்கப் பாட்டில் வரும். அங்கே இரங்குதல் என்றால் ஒலித்தல், முழங்குதல். ஒரே சொல்லில் சத்தம் இருக்கிறது, துக்கம் இருக்கிறது, கருணை இருக்கிறது. 'எனக்கு இரங்கும்' என்று மெதுவாக ஒரே சுரத்தில் சொல்லும்போது இந்த மூன்றும் எனக்குச் சேர்ந்து கேட்கும். தமிழில் ஜெபிக்கக் கிடைத்திருக்கிறதே என்று நன்றியாகவும் இருக்கும்.

நெய்தல் என்றதும் உங்கள் ஊர் நினைவு வருகிறது. கடற்கரைக் கிராமங்களில் பெரிய வெள்ளியன்று நம் பெண்கள் மாதாவின் வியாகுலத்தைப் பாடுவது ஏறக்குறைய ஒப்பாரியாகவே இருக்கும். படித்தவர்கள் சிலர் அதைக் கூச்சமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. செத்த வீட்டில் எப்படி அழவேண்டும் என்று அறிந்த மொழி நம்முடையது. அந்த அறிவை அவர்கள் சிலுவையடிக்குக் கொண்டுபோகிறார்கள். வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். மாதாவின் துயரத்தைப் பாட அவர் தேர்ந்தெடுத்த தமிழ் வடிவம் அந்தாதி. 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று பெயர். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதில் அடுத்த பாட்டு தொடங்கும். துக்கமும் அப்படித்தானே, ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் இதே துயரத்தைப் பாடும் 'ஸ்டாபாட் மாட்டேர்' 13ஆம் நூற்றாண்டு லத்தீன் பாட்டு. சிலுவைப் பாதையில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நடக்கும்போது அதில் ஒரு சரணம் பாடுவது பழைய வழக்கம். நடையையும் பாட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் நாளுக்கு வருகிறேன். காலையில் காப்பி போடுவீர்கள் அல்லவா? பால் காயும் நேரம் போதும். ஒரு சரணம், அப்புறம் பால் பொங்கும்வரை ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'தான் முக்கியம். பாட்டு அதற்கு வாசற்படி. நிறையப் பேர் பாட்டு முடிந்ததும் ஜெபம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள்.

கேபில் போகும்போது பாட வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்பேன். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரத்தில், காலையில் பாடிய சரணத்தை வாய் திறக்காமல் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தச் சொல்லில் தடுக்கிறதோ அதுதான் அன்றைக்கு உங்களுக்கு. ஒரு வருஷம் எனக்கு ஒரு வாரம் முழுக்க 'நிந்தை' என்ற சொல்லே தடுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கூடப்பிறந்தவளோடு பேச்சுவார்த்தை இல்லை. நான் அவளைச் சொன்ன ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பாட்டு என்னைச் சமாதானப்படுத்தவில்லை. போன் பண்ண வைத்தது.

இதனால்தான் 'தியான இசை' என்று மூன்று மணி நேரம் ஓடும் வீடியோக்களைத் தவக்காலத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. புல்லாங்குழல், மழைச் சத்தம், மெல்லிய கீபோர்டு. உடம்பு அசந்திருந்தால் தூங்க உதவும், தூங்குங்கள், தவறே இல்லை. ஆனால் அதில் யாரும் உங்களிடம் எதையும் சொல்லுவதில்லை. தவக்காலப் பாட்டில் ஒருவர் உங்களைப் பார்க்கிறார்.

கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றும் மாலைகள் இருக்கும். அப்போது இரண்டு படைப்புகள் சொல்லலாம். ஒன்று, மேலே சொன்ன 'ஸ்டாபாட் மாட்டேர்' வரிகளுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசி 1736இல் போட்ட இசை. இரண்டு பெண்குரல், சில தந்தி வாத்தியங்கள், அவ்வளவே. அதே வருஷம் காசநோயில் இறந்துபோனார், வயது 26. முதல் பகுதியில் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு மேலே போகும். அந்த உரசல்தான் அழுகை. முதல் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். போனில் ஆட்டோபிளேயை நிறுத்திவைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த நொடியே எங்கிருந்தோ ஒரு விளம்பரம் வந்து விழும்.

இன்னொன்று ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் எழுதியது. 1780களில் ஸ்பெயினின் காடிஸ் நகரிலிருந்து அவருக்கு ஒரு வேண்டுகோள் வந்தது: சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு இசைப் பகுதிகள் வேண்டும். கோவிலின் சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரே ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்களாம். நண்பகலில் கதவை அடைத்துவிடுவார்கள். பிஷப் ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கிவிட்டு, இறங்கி வந்து பீடத்துக்கு முன்னால் முழங்காலிடுவார். அந்த இடைவெளியை நிரப்ப இசை. ஏழும் மெதுவாக, ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் அளவுக்கு. கேட்பவர் சலிக்காமல் எழுதுவது எளிதாக இருக்கவில்லை என்று ஹைடனே சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது நம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, ஏழு வார்த்தை, ஏழு பேர் பேசுவார்கள். இந்த ஊர் சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபைகளிலும் உண்டு. ஒவ்வொரு பேச்சும் முடிந்த உடனே அடுத்த பாட்டின் நம்பரை அறிவித்துவிடுகிறோம். நடுவில் இரண்டு நிமிஷமாவது சும்மா விட்டால் என்ன என்று நான் கேட்காத கமிட்டி இல்லை. நீங்கள் போனால், எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

எங்கே போய் உட்காருவது என்றால், பெல்லந்தூரிலிருந்து தொலைவுதான், ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் பசிலிக்காவுக்குப் போய்வாருங்கள். ரஸ்ஸல் மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ஹார்ன் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற கோவில் அது. உள்ளே சத்தம் வராது என்று சொல்லமாட்டேன், வரும். தமிழிலும் பூசை உண்டு. அதற்குப் போகாமல் மத்தியானத்தில் போங்கள். யாராவது ஓர் அம்மா கடைசிப் பெஞ்சில் தனியாக முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தால் போதும். எம்.ஜி. ரோடு பக்கம் என்றால் மெட்ரோ நிலையத்துக்கே பெயர் தந்த டிரினிட்டி கோவில் இருக்கிறது. ஹட்சின்ஸ் ரோட்டில் அமலோற்பவதாஸ் அடிகளார் 1967இல் தொடங்கிய என்.பி.சி.எல்.சி. (தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம்) இருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்துக்காரரான அவர், இந்திய முறையில் தரையில் அமர்ந்து, விளக்கேற்றி, பஜனையாகப் பாடி ஜெபிக்கலாம் என்பதற்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போய் மெல்ல மௌனத்தில் இறங்குவதை அறிய பஜனையை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

'எனக்குப் பாட வராது' என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் நன்றாகப் பாடக்கூடியவர்களிடமிருந்தே. யாரோ எப்போதோ மைக் முன்னால் ஒன்று சொல்லியிருப்பார்கள். எங்கள் அம்மாவுக்கும் சுருதி சேராது. ஹார்மோனியக்காரி நான் சொல்லுகிறேன், மேல் சுரத்துக்குப் போகும் இடத்தில் அவர் குரல் எப்போதும் அரைக்கட்டை இறங்கிவிடும். இன்றைக்கும் அந்த மெட்டை வாசிக்கும்போது அந்த இடத்தில் என் காது அம்மாவின் சுரத்தைத்தான் தேடுகிறது. சமையலறையில் யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. வாய்விட்டுப் பாடக் கூச்சமாக இருந்தால், அறையில் கூடத் தங்கியிருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால், உதடு மட்டும் அசையட்டும். ஆனால் உங்கள் மூச்சு அதில் போக வேண்டும். வேறொருவர் பாடிய பதிவு அந்த வேலையைச் செய்யாது.

நடுவில் நாலு நாள் விட்டுப்போகும். போகட்டும், ஐந்தாம் நாள் அதே சரணத்திலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் நாற்பது. ஞாயிற்றுக்கிழமை நோன்பு நாள் இல்லை, அதனால் அன்று உங்கள் பாட்டுக்கும் ஓய்வு கொடுக்கலாம். கோவிலில் எல்லோரும் பாடுவதோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

புனித வாரத்துக்கு முடிந்தால் ஊருக்குப் போங்கள். முடியாவிட்டால் பெரிய வியாழன் மாலைக்கு மட்டுமாவது லீவு சொல்லுங்கள். அன்று 'உன்னதங்களிலே' பாடும்போது கோவில் மணிகள் எல்லாம் ஒலிக்கும், அதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு மணிக்குப் பதிலாக மரக்கட்டையில் தட்டும் சத்தம்தான். பூசை முடிவில் நற்கருணையை வேறு பீடத்துக்கு எடுத்துப் போகும்போது 'பாடுவாய் என் நாவே' பாடுவார்கள். தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய லத்தீன் பாட்டின் தமிழ் அது. நடந்துகொண்டே பாடுவதால் முன்னால் போகிறவர்கள் ஒரு சொல்லிலும் பின்னால் வருகிறவர்கள் வேறொரு சொல்லிலும் இருப்பார்கள். சரிசெய்யப் பார்க்காதீர்கள், உங்கள் பக்கத்தில் நடப்பவரோடு பாடுங்கள். அன்றிரவு ஏறக்குறைய முழுநிலவாக இருக்கும். ஈஸ்டர் நாளைக் குறிப்பதே முழுநிலவை வைத்துத்தான். கெத்சமனியிலும் அப்படித்தான் நிலவு இருந்திருக்கும். ஆராதனைப் பீடத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் முடியுமோ உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் பாட்டின் கடைசிச் சரணத்தைப் பாடலாம். சனிக்கிழமை காலை மட்டும் பாட வேண்டாம். அம்மாவும் அன்று பாடமாட்டார். கொல்லைக் கதவைத் திறப்பார், பாலை வைப்பார், நிற்பார். பாத்திரத்தின் ஓரத்தில் பால் சுருசுருவென்று ஏறுகிற சத்தம் மட்டும் கேட்கும். அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பு என்ற ஈஸ்டர் இரவு வழிபாட்டில் சாமியார் அல்லேலூயாவை மூன்று முறை எடுப்பார், ஒவ்வொரு முறையும் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி. மூன்றாவது முறை உங்கள் குரலுக்கு எட்டாமல் போகலாம். பரவாயில்லை, வாயைத் திறந்து பாடுங்கள்.